மாப்பிள்ளையின் தாத்தாவுக்குக் கோபம் வருமா?

கல்யாணத் தரகு என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெண்ணைப் பார்த்துவிடும் வேலை என்று நினைத்துத்தான் ஐம்பதுகளில் ஓசூரில் குடையும் கையுமாக இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இரண்டு பக்கத்துத் தாத்தாக்களின் குணத்துக்கும் நானே ஜவாப்தாரி என்று. பெண்ணையோ பிள்ளையையோ பெற்று வைத்திருக்கும் சக சங்கடக்காரர்களே, உங்களுக்குத் தெரியாததா?

கலப்பைக் கோபம்

சிங்காரப்பேட்டையில் ஒரு பிள்ளை. தங்கமான பையன். ஆனால் அவன் தாத்தா கோபம் வந்தால் கலப்பையைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடுவாராம். "அந்த ரத்தந்தானே இவனுக்கும்?" என்று பெண்ணின் தகப்பனார் பிடித்துக்கொண்டார். பையன் பரம சாது என்று சத்தியம் செய்து அவரை அழைத்துப் போனேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாடு பையனின் காலை மிதித்தது. அவன் சிரித்தான்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவனுடைய அம்மாவும் பெருமை தாங்காமல் வாயைத் திறந்துவிட்டாள்.

"இவனும் கலப்பையப் போடுவானுங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா பள்ளிக்கூடம் போன புள்ள, தானே எறங்கி எடுத்துக்கினு வந்துடுவான்!"

மூன்று பாஷைப் பிள்ளை

மொழிவாரியாக மாநிலம் பிரித்த சமயம். பாகலூரில் ஒரு பையனைப் பிரிக்க வழியில்லாமல் இருந்தது. பெற்றது தமிழ் வீடு; வளர்த்தது தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அம்மாள். மாட்டை ஓட்டுவது கன்னடத்தில். பெற்றவள் அதிர்ந்து பேசமாட்டாள், வளர்த்தவள் வாயோ ஊரறிந்தது. பையன் யார் மாதிரி என்று பெண்ணைப் பெற்ற அம்மாள் குடைந்தெடுத்தாள். மென்று விழுங்கி உண்மையைச் சொன்னேன்: கோபம் வந்தால் திட்டுவான், அதுவும் தெலுங்கில்தான். அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது.

"எம் பொண்ணுக்குத் தெலுங்கு ஒரு வார்த்த தெரியாதுங்க. திட்டுனா திட்டிக்கினு போவட்டும், நாள் பாருங்க!"

என் வீட்டில்

ஊருக்கெல்லாம் முடித்து வைத்தவனுக்குச் சொந்த மகள் ராஜம்மாவின் கல்யாணம் மட்டும் கூடி வரவில்லை. மூன்று வரன் தட்டிப் போயிற்று. "தரகன் பொண்ணு, பொய் ரத்தத்துலயே இருக்கும்" என்றார்கள். இல்லை என்று சொல்லத்தான் எனக்கு யோக்கியதை இல்லை.

நாலாவதாக மூக்கண்டப்பள்ளியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வந்ததும் வராததுமாக, "நீங்க பேசாதீங்க தரகரே" என்று என் வாயை அடைத்துவிட்டு, தட்டில் வைத்த போளியைக் காட்டி, "இந்த ஒப்பட்டு நீ செஞ்சதாம்மா?" என்று என் மகளைக் கேட்டாள்.

"இல்லீங்க, பக்கத்து வூட்ல வாங்குனது. நான் தட்டுனா கிழிஞ்சிடும்" என்றாள் ராஜம்மா.

போயிற்று, இதுவும் போயிற்று! அந்த அம்மாளோ பெண்ணையே உற்றுப் பார்த்தாள். "இந்த வூட்ல வளந்து உனக்கு எப்படிம்மா உண்மை வருது?"

ராஜம்மா சாவதானமாகச் சொன்னாள்:

"எந்த வூட்ல என்ன பொய் சொன்னாருன்னு அப்பாவுக்கு ஞாபகம் வெச்சி எடுத்துக் குடுக்கறதே நாந்தாங்க. இதுல நானும் சொந்தமா ஒண்ணு சொன்னா, அத யாரு ஞாபகம் வெச்சிக்கறது?"

ரத்தமா வளர்ப்பா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நான் வாயைத் திறக்காமல் நிச்சயமான கல்யாணம் என் தொழிலில் அது ஒன்றுதான்.