பிரிக்காத மடிப்பு

எங்கள் மருத்துவமனையில் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவள் டாக்டர் இல்லை. அடித்தளத்தில் இருக்கிற சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் துணி துவைத்தவள். வார்டிலிருந்து வரும் படுக்கை விரிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது நேத்துச் சாயங்காலத்து ரத்தம். இது மருந்து. இது யாரோ காபியக் கொட்டிட்டு நோயாளி மேல பழி போட்டிருக்காங்க" என்பாள். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. மேலே இருக்கிற டாக்டர்கள்கூட இவ்வளவு சட்டென்று எதையும் கண்டுபிடிப்பதில்லை என்று சொல்லி நான்தான் அந்தப் பெயரை வைத்தேன்.

நான் பன்னிரண்டு வருடமாக மேசைக்கு இந்தப் பக்கம் நின்று அவளோடு துணி மடிப்பவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பிரிவுக்கென்று ஒரு மடிப்பு உண்டு. மூன்றாக மடித்து, நுனியை உள்ளே செருகி, ஒரு தட்டு தட்டினால் துணி பெட்டி மாதிரி நிற்கும். தூக்கிப் போட்டாலும் பிரியாது. ஒருமுறை பிரித்துவிட்டால் வெளியாட்களால் மறுபடி அப்படி மடிக்க முடியாது. நர்ஸுகள் எத்தனையோ பேர் முயன்று பார்த்துத் தோற்றுப்போய் எங்களிடமே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதிலும் டாக்டரம்மா மடித்தது என்றால் இடது மூலை ஒரு விரல் அளவு கூடுதலாக உள்ளே போயிருக்கும். அது அவள் கைப்பழக்கம்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. தங்கை பெற்ற பெண்ணைப் பாதிக்குப் பாதி அவள்தான் வளர்த்தாள். வீட்டில் அந்தப் பெண்ணுக்குக் குட்டி என்று பெயர். பத்தொன்பது வயதில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். கடை முதலாளி இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், தெருவில் நல்ல பெயர், வாய் நிறைய "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிடுகிறவன். கடை விடுமுறை நாளொன்றில் சரக்கு எண்ண வேண்டும் என்று அவளை மட்டும் வரச் சொன்னான். ஷட்டரைப் பாதி இறக்கினான். அவள் உள்ளே போன பிறகு முழுக்க இறக்கினான்.

சாயங்காலம் நாலு மணிக்கு வெளியே வந்த குட்டி பெற்றவளிடம் போகவில்லை. பெரியம்மா வீட்டுக்குத்தான் வந்தாள். வாசல்படியில் நின்றுகொண்டு, "பெரியம்மா, அந்த ஆளு…" என்று ஆரம்பித்திருக்கிறாள். டாக்டரம்மாவின் கண் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் துணியைப் பார்த்துவிட்டது.

"ஒண்ணும் சொல்லாத கண்ணு. முதல்ல போய்க் குளி."

குட்டி குளித்தாள். டாக்டரம்மா தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். ரத்தத்துக்குச் சுடுதண்ணீர் ஆகாது, கறை துணியிலேயே தங்கிவிடும். குளிர்ந்த தண்ணீர், உப்பு, அரை மணி நேரம் ஊறல், அப்புறம் சோப்பு. அலசிக் காயவைத்து, தேய்த்து, எங்கள் மடிப்பில் மடித்து வைத்தாள். அவளுக்கு அன்றைக்குக் கைகால் ஓடவில்லை. ஓடியது இந்த ஒரு வேலைதான். இதை நான் புரிந்துகொள்ள இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது.

மறுநாள் காலையில் தங்கை, "வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு இவளக் கட்டிக்குவா?" என்று வாசலை மறித்தாள். டாக்டரம்மா தங்கையைத் தள்ளிவிட்டுக் குட்டியை எங்கள் மருத்துவமனைக்கே கூட்டிவந்தாள். பெண் மருத்துவர் ஒருவர் பார்த்தார். நல்ல மனுஷி. ஒவ்வொன்றுக்கும் குட்டியிடம் சம்மதம் கேட்டுக் கேட்டுத்தான் தொட்டார். "அப்பப் போட்டிருந்த துணி இருக்கா?" என்று கேட்டபோது டாக்டரம்மா அந்த மடிப்பை நீட்டினாள். மருத்துவருக்குச் சோப்பு வாசனை அடித்தது.

"துவைச்சிட்டீங்களாம்மா?"

"ஒரு பொட்டு இல்லாம போயிடுச்சு டாக்டர்."

இத்தனை வருடமாக நர்ஸுகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் தானாக வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் மருத்துவரின் முகத்தைப் பார்த்து அவளுக்கு விஷயம் உறைத்தது.

"பரவாயில்லம்மா. துவைச்ச துணியிலயும் சில சமயம் தடயம் கிடைக்கும். கண்டிப்பா சோதனைக்கு அனுப்பணும்னு எழுதித் தரேன்" என்றார் மருத்துவர். மடிப்பைப் பிரிக்காமல் காகித உறையில் போட்டு, சீட்டு ஒட்டி, போலீஸிடம் கொடுத்தார்.

மருத்துவர் சொன்னதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. "துவைச்சிட்டாளாம்" என்பது மட்டும் நாலு தெருவுக்குப் பரவியது. இன்ஸ்பெக்டர், "துவைச்சு, தேய்ச்சு, மடிச்சு வேற கொண்டாந்திருக்கீங்க. ரொம்ப நல்லா இருக்கு" என்றார். தங்கை இவளிடம் நல்லபடியாகப் பேசுவதை நிறுத்தினாள். என் நீள வாயும் சும்மா இருக்கவில்லை. "லீவு நாள்ல அவ எதுக்குத் தனியாப் போனா?" என்று மேசையில் வைத்தே கேட்டேன். டாக்டரம்மா தலையணை உறையை மடித்துக்கொண்டே, "கூப்பிட்டது முதலாளி. போகலேன்னா வேலை போயிடும். நீ போகாம இருந்திருப்பியா?" என்று கேட்டாள். அப்போதும் நான் திருந்தவில்லை.

குட்டி அறையை விட்டு வெளியே வருவதில்லை. டாக்டரம்மா தினமும் வேலை முடிந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போய் அந்த அறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்காருவாள். "நீ செஞ்சது போதாதா?" என்று தங்கை கத்துவாள். இவள் உட்கார்ந்தே இருப்பாள். எட்டு மாதம் கழித்து ஒருநாள் கதவு திறந்தது.

"நீங்க துவைச்சதுல எனக்குக் கோபமில்ல பெரியம்மா. நான் சொல்ல வந்தேன். நீங்க குளிக்கச் சொன்னீங்க. இன்னைக்கு வரைக்கும் யாரும் என்னைக் கேக்கல. போலீஸ் கேட்டது கேஸுக்கு."

"இப்பச் சொல்லு."

குட்டி நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா பிறகு என்னிடம் சொன்னது இதுதான்: "குறுக்க ஒரு வார்த்தை பேசல. உன் மேல தப்பில்லன்னு கடைசில மட்டும் சொன்னேன். அத முதல் நாளே சொல்லியிருக்கணும்." அதற்குப் பிறகு குட்டி மருத்துவர் சொன்ன மனநல ஆலோசகரிடம் வாரம் ஒருமுறை போக ஆரம்பித்தாள். முதலில் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தாள். பிறகு பஸ் நிறுத்தம் வரை. சில நாள் பாதியிலேயே திரும்பிவிடுவாள். கோர்ட்டில் மட்டும் திரும்பவில்லை, நின்று பேசினாள்.

அங்கே கடை முதலாளியின் வக்கீல் டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியிலயே வேலை பாக்கிறவங்க நீங்க. நெஜமாவே கறை இருந்திருந்தா துவைச்சிருப்பீங்களா?"

"இருந்துச்சு. ரெண்டு விதமான கறை. என் கண்ணு தப்பாப் பாக்காது."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். எனக்குப் பக்கத்து இருக்கைதான். நான் அவனை ஒன்றும் சொல்லவில்லை. துணி துவைக்கப்பட்டதால் தடயம் ஏதுமில்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்திருந்தது. தீர்ப்பு வந்தது. முதலாளி விடுதலையாகி, அடுத்த வாரமே கடைக்குப் புதுப் பலகை மாட்டினான். மறுநாள் மேசையில் நான் டாக்டரம்மாவிடம், "என்னக்கா செய்யறது, உங்க கைதான் அவனைக் காப்பாத்திடுச்சு" என்றேன். ஆறுதல் சொல்வதாக எனக்கு நினைப்பு. அன்றைக்கு முழுக்க அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள்.

ஒரு மாதம் கழித்து, அந்தத் துணியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லிக் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. டாக்டரம்மாவும் குட்டியும் போய் வாங்கிக்கொண்டு நேராகச் சலவைப் பிரிவுக்கு வந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகக் குட்டிக்கு மனமில்லை. டாக்டரம்மா உறையை மேசைமேல் கவிழ்த்தாள்.

துணி பெட்டி மாதிரி வந்து நின்றது.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு இடது மூலையைப் பார்த்தேன். ஒரு விரல் அளவு உள்ளே போயிருந்தது. செருகிய நுனி செருகியபடி, தேய்த்த கோடு தேய்த்தபடி. உறையைக் கிழித்து எட்டிப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்தச் சோதனைக்கும் அது போகவில்லை. ஒரு மனிதன்கூட அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. துவைத்தது என்று கேள்விப்பட்டு, அலமாரியில் வைத்து, தடயம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பொய்யை எல்லோருமாகச் சேர்ந்து இவள் தலையில் இரண்டு வருடம் ஏற்றி வைத்திருந்தோம். நானும்தான். எனக்கு என் வாயை அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

டாக்டரம்மாவின் கை பழக்கத்தில் துணியைப் பிரிக்கப் போனது. குட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரிக்காதீங்க பெரியம்மா. இப்படியே நம்ம வக்கீல்கிட்ட கொண்டுபோவோம். அப்பீலுக்கு இன்னும் நாள் இருக்கு."

"மடிப்பைக் காட்டினா யாரு நம்புவா? மடிச்ச நானே சொன்னா செல்லாது."

குட்டி என் பக்கம் திரும்பினாள். தீர்ப்புக்குப் பிறகு அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இந்த மடிப்பை அடையாளம் தெரிஞ்ச இன்னொரு ஆளு நீங்கதான் அக்கா. கோர்ட்ல வந்து சொல்வீங்களா?"

பன்னிரண்டு வருடம் ஓயாத வாய் அன்றைக்கு ஒரே வார்த்தையோடு நின்றது. "சொல்றேன்" என்றேன்.

டாக்டரம்மா துணியை அப்படியே எடுத்து உறைக்குள் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில், "சிரிப்பாங்க. தெரிஞ்சுகிட்டு வா" என்றாள்.