மிளகாய்ப் பந்தயத்தில் விழுந்த டிஏபி

வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி மனை இருக்கிறது. அப்பா எனக்குக் கொடுத்தது. அதைப் பார்த்தாலே என் வீட்டுக்காரரின் அண்ணனுக்குக் கை அரிக்கும். அவர் மணிமங்கலத்தில் கட்டட மேஸ்திரி. கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட வரிசையாக ரூம் கட்டித் தருகிறேன் என்று வரும்போதெல்லாம் மனையைக் காலால் அளந்துவிட்டுப் போவார்.

எனக்கோ அங்கே மிளகாய் போட ஆசை. மண் மேல் பெரிய பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். ரூம் கட்டினால் மோட்டார் போடு, பாத்ரூம் சண்டையைத் தீர்த்துவை என்று எல்லாம் என் தலையில்தான் விழும். செல்போன் கம்பெனியில் நாளெல்லாம் லைனில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு இது தேவையா?

சண்டை முற்றவே, வீட்டுக்காரர் ஒரு பந்தயம் வைத்தார். மொட்டை மாடியில் ஆளுக்கு நாலு பெயின்ட் வாளி, ஒரே ரக மிளகாய் நாற்று. பொங்கலுக்கு அண்ணன் வரும்போது வீட்டுக்காரர் செடி அதிகம் காய்த்திருந்தால் ரூம். என் செடி காய்த்திருந்தால் மனையில் மிளகாய்.

வீட்டுக்காரர் டிஏபி உரக் கட்சி. நான் சிங்கப்பெருமாள் கோவில் உரக்கடைக்குத் தனியாகப் போய் வேர்ப்பூஞ்சைத் தூள் வாங்கி வந்தேன். கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பூஞ்சை வேருக்குள் குடியேறி, நூல் நூலாக மண்ணில் ஓடி, வேருக்கு எட்டாத மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, இழுத்துவந்து கொடுக்குமாம். செடி பதிலுக்குச் சர்க்கரை ஊட்டுமாம். ஆனால் டிஏபியை அள்ளிக் கொட்டினால் மணிச்சத்து காலடியிலேயே கிடக்கும். அப்புறம் செடி பூஞ்சையைச் சீந்தாது என்றார். பூஞ்சை பிடிக்க நாளாகும், அவசரப்படக் கூடாது என்றும் சொன்னார்.

நாளாகத்தான் ஆனது. வீட்டுக்காரர் செடி தளதளவென்று வளர, என்னுடையது வைத்த அன்று இருந்த மாதிரியே முறைத்துக்கொண்டு நின்றது. கம்பெனி பஸ்ஸில் தோழிகள் தினமும் போட்டோ கேட்டு வாங்கிச் சிரித்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருவழியாக என் செடிகளும் துளிர்விட்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அடுத்த வாரமே, காலை ஷிஃப்ட் முடிந்து மாடிக்குப் போனால், என் நாலு வாளியிலும் இலை ஓரமெல்லாம் கருகி, தலை தொங்கிக் கிடக்கிறது. அவருடையது ஜம்மென்று நிற்கிறது. மண்ணைக் கிளறினேன். கரையாத டிஏபி குருணை கை நிறைய வந்தது.

விறுவிறுவென்று கீழே இறங்கினேன். அவர் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, பின்பக்கத்து மனையில் வேப்பமர நிழலில் கட்டில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். குருணையை அவர் நெஞ்சின் மேலேயே கொட்டினேன்.

"ஜெயிக்கறதுக்கு இப்படியாங்க பண்ணுவீங்க?"

அவர் எழுந்து உட்கார்ந்து குருணையைப் பார்த்தார். "நான் ஜெயிக்கணும்னா எதுக்கு உன் செடிக்குப் போடறேன்? அது குட்டையாவே நின்னுகினு இருந்துச்சு. பொங்கலுக்குள்ள காய்க்கணுமேன்னு நாலு பிடி சேத்துப் போட்டேன்."

தன் செடிக்கு ஸ்பூனில் அளந்து போட்ட மனுஷன் என் செடிக்கு அள்ளிப் போட்டிருக்கிறார். டார்கெட் பின்தங்கினால் போட்டு விரட்டுகிற அதே கம்பெனிப் புத்தி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ரூம் கட்டுவதில் அவருக்கு விருப்பமே இல்லையா என்று கேட்டேன்.

"இந்த நெழலை வுட்டா பகல்ல நான் எங்க தூங்கறது?" என்றார்.

"அத அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா?"

"அண்ணங்கிட்ட முடியாதுன்னு சொல்ல வாய் வரல. நீ ஜெயிச்சுட்டா நான் சொல்லவே வேணாம்ல."

செடிதான் போய்விட்டது, இனி ஜெயிக்க வழியில்லை. நான் அவர் போனை எடுத்து அண்ணன் நம்பரை அழுத்தினேன். ரிங் போக ஆரம்பித்ததும் அவர் கையில் வைத்துவிட்டு, எதிரிலேயே இடுப்பில் கை வைத்து நின்றேன். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார், பிறகு சொன்னார்.

"அண்ணே, ரூம் வேணாம்ண்ணே. எனக்கே வேணாம்."