வெள்ளைக் கோட்டு வீடு

எங்கள் தெருவில் புது வீடு ஒன்று எழும்புகிறது. காலையில் சுவருக்குத் தண்ணீர் விடும்போது ஈரச் சிமெண்டு வாசம் மாடிவரை வருகிறது. அது மூக்கில் ஏறியதும் நான் இராமநாதபுரத்தில் இல்லை. மாரியூர்க் கடற்கரை மணலில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் அப்போது எனக்குத் தற்காலிக வேலை. அரசு வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டுகிறவர்களைச் செல்போனில் படம் எடுத்து அரசுச் செயலியில் ஏற்ற வேண்டும். தொடங்கும்போது ஒன்று, அஸ்திவாரத்துக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று. வீட்டுக்காரரும் படத்தில் நிற்க வேண்டும். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியதால் என்னைக் கலெக்டர் என்றே நினைத்துக்கொள்வேன். ஊர் நாய்களுக்கு மட்டும் அது தெரியாது.

காளியம்மா அக்கா கடலில் முங்கிப் பாசி எடுப்பவர். கணவர் இறந்தபின் இரண்டு பிள்ளைகளை அந்தப் பாசிதான் வளர்த்தது. வேலை தொடங்கிய படத்துக்கு அன்றுதான் கடைசி நாள்; ஏறாவிட்டால், அவருடைய வீடு பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். நான் போனபோது அக்கா கடலுக்குள் இருந்தார்.

பிற்பகலில்தான் கரையேறினார். சேலைக்கு மேல் ஆண் சட்டை, விரல்களில் துணிச்சுற்று, உடம்பெல்லாம் உப்பு. என் போனில் சார்ஜ் தீரப்போகிற நிலை.

"அக்கா, அப்படியே நில்லுங்க. ஒரு நிமிசந்தான்."

"ஈரச் சேலையோடயா? இருங்க தங்கச்சி, வாரேன். என் பேருல ஒண்ணு வாரது இதான் மொதத் தடவ."

குடிசைக்குள் போனவர் தலைவாரி, சிவப்புச் சேலை கட்டி வருவதற்குள் போனை நூறு தடவை பார்த்துவிட்டேன். குடிசைக்கு முன்னால் கொத்தனார் சுண்ணாம்புப் பொடியால் மணலில் வீட்டைக் கோடு போட்டு, ஒரு மூலையில் குழியும் தோண்டியிருந்தார். அவசரத்தில் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தேன்.

"அது செவரு தங்கச்சி. வாசல் இங்கன இருக்கு."

வெட்கத்தோடு சுற்றிப்போய் வாசல் வழியாக நுழைந்தேன்.

"இது அடுப்படி. அங்கன புள்ளைக படிக்கும்."

அக்கா ஒவ்வோர் அறையாக நடந்தார். ஜன்னல் வரப்போகும் இடத்தில் நின்று, முதல் தடவை பார்ப்பதுபோலக் கடலைப் பார்த்தார். இல்லாத சுவர்களுக்குள் காற்று புகுந்து அவர் முந்தானையை அசைத்தது. எனக்கும் அந்த நேரம் அது வீடாகவே இருந்தது. அப்படியே படம் எடுத்தேன். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடி ஏற்றினேன். போய்ச் சேர்ந்தது.

வீடும் எழும்பியது. கூரைப் படம் எடுத்த அன்று அக்கா பின்பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தக் குடிசையையும் ஒண்ணு எடுங்க தங்கச்சி. எம் புள்ளைக பொறந்த எடம்."

"போன்ல எடமில்லக்கா. அடுத்த வாட்டி எடுக்கேன்."

அடுத்த வாட்டி போனபோது ஓலையும் இல்லை, கம்பும் இல்லை. மணல் சமமாகக் கிடந்தது. அக்கா புது அடுப்படியில் டீ போட்டுக் கொடுத்தார்.

அந்தக் குடிசைக்குள் குனிந்து போய்ச் செம்பில் தண்ணீர் குடித்திருக்கிறேன். உள்ளே என்னென்ன இருந்தன என்று இப்போது கண்ணை மூடித் தேடுகிறேன். அந்தச் செம்பின் குளிர்ச்சி மட்டும் உதட்டில் வருகிறது, மற்றதெல்லாம் இருட்டு.