எண்ணெய் குடித்த ரப்பர்

பட்டறைத் தெருவில் அவருக்கு ‘ச்சீ மெக்கானிக்’ என்று பெயர். காரைத் தூக்கி நிறுத்தி அடியில் எட்டிப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். அப்பாவின் பட்டறை கைக்கு வந்ததால் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர். அழுக்கைக் கண்டால் அவருக்குக் குமட்டும். அதை அப்படியே விட்டுவைத்தாலோ இன்னும் அதிகமாகக் குமட்டும். அதனால் வேலை மட்டும் படுசுத்தம்.

ஒருநாள் காலையில் அவர் மனைவியின் தம்பி ஒரு பழைய காரை ஓட்டிவந்தான். தெருமுனை மேட்டில் ஏறி இறங்கும்போதே அதன் முன்பக்கம் ‘கடக் கடக்’ என்று அடித்துக்கொண்டது.

“மாமா, இந்தச் சத்தம் மட்டும் நின்னா போதும். பெருசா எதையும் கழட்டிப் போட்டுடாதீங்க.”

“பிரேக் பிடிச்சா ஒரு பக்கமா இழுக்குதா?”

“லேசா இழுக்கும். ஸ்டியரிங்கைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டா தெரியாது.”

அவர் முன்சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு சிறு குழல், அதற்குள் கெட்டி ரப்பர், நடுவில் போல்ட். இதுதான் புஷ். ரோட்டின் குலுக்கலை வாங்கிக்கொண்டு சக்கரத்தைக் கோணாமல் நிறுத்துவது அந்த ரப்பர்தான். அங்கே கம்பியை விட்டு நெம்பினார். இரும்புக் கை ஆடுகிற பல்லைப் போல அசைந்தது. தொட்டுப் பார்த்த விரலில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது.

“ச்சீ! இதுல எவன் எண்ணெய ஊத்துனது?”

“ஒருத்தர் கழிவு எண்ணெய் அடிச்சு விட்டாரு மாமா. கொஞ்ச நாள் கப்சிப்னு இருந்துச்சு.”

எண்ணெய் குடித்த ரப்பர் உப்பி, இளகிப்போயிருந்தது. இரும்புக் கையைக் கழற்றி, அழுத்தித் தள்ளும் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளியபோது முழுசாகக்கூட வரவில்லை. அழுகின பழத்தின் சதை மாதிரி துண்டு துண்டாகப் பிதுங்கி வழிந்தது. அவர் வாசலில் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார்.

“எதுக்கு மாமா இந்தப் பாடு? கொஞ்சம் கிரீஸை அப்பி மூடுங்க. நான்தான் இதைக் கை மாத்திடப் போறேனே.”

“யாருக்கு?”

போனிலிருந்து தலையைத் தூக்காமல் மச்சினன் சொன்னான்: “நம்ம சித்திக்குத்தான். ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போய்வர வண்டி வேணுமாம். அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?”

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் இவனுக்குச் சோறூட்டி, குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியவள் அந்தச் சித்தி. அவர் மச்சினனின் முகத்தைப் பார்த்தார். வெள்ளையாய்ச் சட்டை, வாரிய தலை, வாயில் ஏலக்காய் மணம். கையிலிருந்த பிசுக்கு அவருக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

“சாவியை வெச்சுட்டு எழுந்து போடா.”

“என்ன மாமா, கோபமா?”

“கோபமில்ல. உன்னைப் பார்த்தா வாந்தி வருது. போ.”

அவன் போனதும் சித்திக்குப் போன் போட்டார். நர்ஸ் உடுப்போடு அப்படியே வந்து நின்றாள். கழற்றிய புஷ்களைத் தகரத்தட்டில் வைத்துக் காட்டினார்.

“இதுலயா மாப்பிள்ளை, அவன் என்னை உக்கார வெச்சு ஊரைச் சுத்திக் காட்டுனான்? வெண்ணெயா ஓடுது சித்தின்னானே!” மூக்கைப் பொத்திக்கொண்டாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “தெரிஞ்சேவா சொன்னான்?” என்றாள்.

“தெரிஞ்சேதான் அத்தை.”

அவள் அழவில்லை. “முழுசா மாத்திடுங்க. நானே ஓட்டிப் பார்க்கிறேன்” என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு பக்கமும் புது புஷ் இறக்கினார். சோப்புத் தண்ணீர் மட்டும் தடவினார், ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. போல்ட்டுகளைக் கையால் திருகிவிட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியை, அடியில் இறங்கி வேலை பார்க்கப் பட்டறைத் தரையில் வெட்டியிருந்த பள்ளத்தின் மேல் தன் கனத்திலேயே நிற்கவிட்டார். அதற்குப் பிறகே கீழே இறங்கி முறுக்கினார்.

“மேல தூக்கியிருக்கப்பவே முறுக்கக் கூடாதா?”

“சக்கரம் தொங்கும்போது முறுக்குனா, வண்டி தரையில நிக்கிறப்ப ரப்பர் திருகியே நிக்கும் அத்தை. சீக்கிரம் பிஞ்சிடும்.”

சக்கரங்களின் கோணத்தையும் சரிபார்த்து முடித்ததும் அவள் ஓட்டினாள். மேட்டில் சத்தமில்லை. பிரேக் மிதித்தபோது வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. அந்தக் காரையே அவள் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் மச்சினன் வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டு மேசையில் அக்காவிடம், “சித்திக்கு எப்படிப்பட்ட வண்டி பிடிச்சுக் குடுத்திருக்கேன் பார்த்தியா?” என்று சிரித்தான்.

அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மனைவி கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் கைகழுவப் போய்விட்டார்.