வாய்க்குள் போய் வந்த தலைப்பிரட்டை

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஐப்பசி மழையில் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டபோது என் பிறந்த ஊருக்குப் போயிருந்தோம். நாங்கள் இருக்கும் பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சுற்றிலும் நெல் வயல். திரும்பி வரும்போது அவள் மடியில் ஒரு தண்ணீர் பாட்டில். பாதி வழி வந்த பிறகுதான் அதற்குள் ஏதோ நெளிவதைப் பார்த்தேன். பதினோரு தலைப்பிரட்டைகள். மழைக்கு மஞ்சளாகி மாடு மாதிரி கத்துமே, அந்தப் பெரிய வயல் தவளையின் குஞ்சுகள்.

“மாமா வயல்ல புடிச்சேன். வளக்கப் போறேன்” என்றாள்.

என் கணவர் எங்கள் ஊர் உப்பு ஏரியில் இறால் பிடிப்பவர். நாங்கள் வீடு வந்ததும் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இத்த வச்சி இன்னா பண்றது? கொழம்புக்கும் ஆவாது, விக்கறதுக்கும் ஆவாது. கொண்டுபோய்க் கொட்டு” என்றார். மகள் அழுதாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பழைய தெர்மாகோல் ஐஸ் பெட்டி ஒன்றைக் கழுவி அவள் முன்னால் வைத்துவிட்டு, வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் எண்ணினால் ஒன்பது. அதற்கு மறுநாள் ஏழு. பக்கத்து வீட்டு அக்காவின் பூனைமேல்தான் எனக்குச் சந்தேகம். வேலியோரம் நின்று கேட்டேவிட்டேன்.

“எம் பூன வஞ்சிரம் தலையவே மோந்து பாத்துட்டுப் போவும். உன் தவளக்குஞ்ச துன்ன வந்துச்சாம்!” என்று சண்டைக்கு வந்தார். பூனையின் மானத்தைக் காப்பாற்ற நேராக எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து பெட்டியின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் ஆகவில்லை. “அடியே, இங்க வந்து பாரு!” என்று கத்தினார். பெரியது ஒன்று சின்னதின் வயிற்றைக் கவ்வி, நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

“பூனையாம் பூன” என்று சொல்லிவிட்டுப் போன அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மீதி ஆறையும் தனித்தனியாகப் பிரித்தோம். ஐஸ்கிரீம் டப்பா, டிபன் பாக்ஸ், ஊறுகாய் பாட்டில் என்று கிடைத்ததிலெல்லாம் ஒவ்வொன்று. கடைசி ஒன்றுக்கு இடம் இல்லாமல் மகள் அதைச் சொம்பில் விட்டு அடுக்களைத் திண்டில் வைத்திருக்கிறாள். எனக்கும் சொல்லவில்லை, அப்பாவுக்கும் சொல்லவில்லை.

ஏரியிலிருந்து காலையில் தாகத்தோடு வந்த மனிதர் சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தார். ஒரு மடக்கு இறங்கியது. இரண்டாவது மடக்கில் கண்கள் பிதுங்கின. அடுத்த நொடி தலைப்பிரட்டை தண்ணீரோடு சுவரில் அடித்துத் தரையில் விழுந்து துள்ளியது.

“ஐயோ நைனா, அத்தக் கொன்னுட்டியே!” என்று மகள் ஓடி வந்தாள்.

“நான் சாவறேன், அத்தப் போய்ப் பாக்கறா!” என்று அவர் வாயைக் கொப்பளித்துக்கொண்டே கத்தினார். ஆனால் அது பிழைத்துக்கொண்டது. புதுத் தண்ணீரில் விட்டதும் ஒரு சுற்றுச் சுற்றியது. அதைக் குனிந்து பார்த்தவர், “என் வாய்க்குள்ள போய்ட்டு உசுரோட வந்துருக்கு. இது லேசுப்பட்டது இல்ல” என்றார். அன்று முதல் அது அவருடையதாகிவிட்டது. பிடித்து வந்த இறாலில் பொடியாகப் பார்த்து நான்கைந்தை எடுத்து, நகத்தால் கிள்ளிக் கிள்ளி அதற்குப் போட்டார். நான் குழம்புக்கு இறால் கேட்டால், “எல்லாம் ஐஸுல போட்டாச்சு” என்பார்.

நடுவில் நான் ஒரு தப்புச் செய்தேன். கேன் தண்ணீர் தீர்ந்துபோனதால் இரண்டு டப்பாவுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். அது உப்பு. சாயங்காலத்துக்குள் இரண்டும் மிதந்தன. மகள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மிச்சம் இருந்தவற்றுக்குக் கால் முளைத்தது, வால் சுருங்கியது. மூன்று, ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அவருடையது மட்டும் தங்கியது.

தவளையானதும் அது செத்த இறாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உயிரோடு அசைந்தால்தான் தின்னும். ஏரியில் வலை வீசிவிட்டு வந்த மனிதர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முருங்கை மரத்தடியில் வெட்டுக்கிளிக்குப் பாய்ந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “இன்னிக்கு மீன்பாடு எப்படி தம்பி?” என்று விசாரித்தார்.

தை மாதத்தில் அது உள்ளங்கையளவு ஆகிவிட்டது. ஐஸ் பெட்டி மூடியை முட்டி முட்டி மூக்கில் புண். “பாவம் நைனா, வுட்டுடலாம்” என்று மகளே சொன்னாள். ஏரிக்கரையில் விட்டால் உப்பில் தாங்காது. மூன்று பேரும் பெட்டியோடு பஸ் ஏறினோம். கண்டக்டர் “உள்ள இன்னா, நண்டா?” என்று கேட்டார். என் கணவர் “ஆமா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் அண்ணன் வரப்பில் நின்று சிரித்தான். “இங்க இல்லாத தவளைன்னு பஸ் ஏத்திக் கொண்டாந்தீங்களா மாப்ள?”

அவர் பாம்புப் புற்று இல்லாத இடமாகத் தேடி, சேற்றில் இரண்டு முறை வழுக்கி, வாய்க்கால் ஓரம் பெட்டியைச் சாய்த்தார். தவளை வெளியே வந்து அவர் காலடியிலேயே உட்கார்ந்தது. மகள் அழுதாள். அவர், “போ, போ” என்று மெதுவாகத் தண்ணீரைத் தட்டினார். ஒரே தாவல். நெல்லுக்குள் போய்விட்டது.

அதன் பிறகு வந்த முதல் பெருமழையன்று, சாயங்காலம் அவர் என் போனை வாங்கி அண்ணனைக் கூப்பிட்டார்.

“மச்சான், அங்க தவள கத்துதா?”

“காது கிழியுது மாப்ள.”

“போன அப்பிடி வயலு பக்கம் காட்டு.”

ஸ்பீக்கரில் நூறு தவளைகளின் கூச்சல் எங்கள் அறையை நிறைத்தது. அவர் கையை உயர்த்தி எங்களை அடக்கிவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார்.

“அதோ, அதான்” என்றார்.

மகளும் காதை வைத்துக் கேட்டாள். “ஆமா நைனா” என்றாள்.

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.