வெட் பல்பின் துணி

வானிலைக் கூடங்களில் புதிதாகப் பணியேற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புதுச்சேரி நகரை ஒட்டிய ஒரு வேளாண் பண்ணையில் அப்சர்வராக இருந்தேன். வெள்ளைப் பெட்டிக்குள் இரண்டு தெர்மாமீட்டர்கள் இருக்கும். டிரை பல்ப் வெறுமனே நிற்கும். வெட் பல்பின் குமிழில் மஸ்லின் துணி சுற்றி, அதன் நுனி தண்ணீர்க் குப்பியில் கிடக்கும். காற்று உலர்ந்திருந்தால் துணியின் ஈரம் ஆவியாகி வெட் பல்ப் இறங்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் காற்றில் ஈரம் மிகுதி என்று பொருள்.

என் தங்கை பூங்கோதையின் கணவர் தனசேகரன், வீராம்பட்டினத்துக்கு அருகே சவுக்குத் தோப்பு வைத்திருந்தார். வெட்டு முடிந்தபின் சருகைக் கொளுத்த என்னைக் கேட்காமல் தீக்குச்சியைத் தொடமாட்டார். அந்த ஆனி மாதம் மேற்கிலிருந்து வரும் வறண்ட மேல்காற்று கடுமையாக இருந்தது. நான்கு நாட்கள் வேண்டாம் என்றேன். ஐந்தாம் நாள் காலை எட்டரைக்கு டிரை பல்ப் 31.4, வெட் பல்ப் 30.8. அட்டவணைப்படி ஈரப்பதம் தொண்ணூறுக்கு மேல். இரவில் கடல்காற்று உள்ளே வந்திருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். என் உதடுகள் வெடித்திருந்தன. அதை நான் ஓர் அளவாகக் கொள்ளவில்லை.

சிறிது நேரத்தில் அவரே அழைத்தார்.

"மச்சான், ஒங்க பொட்டி இன்னைக்காவது வாய தொறந்துச்சா? சருகுல பாம்பு குடித்தனம் நடத்துது."

"ஈரம் இருக்கு மாப்ள. காத்து ஏறறதுக்குள்ள முடிச்சிடுங்க."

"அப்ப சரி. எங்கூட்டு கலெக்டரே உத்தரவு குடுத்துட்டாரு."

பத்தரை மணிக்குப் பூங்கோதை அழைத்தாள்.

"அண்ணா, தோப்பு பத்திக்கிச்சு. அவுர காணும்."

வண்டிச் சாவியை எடுத்தவன், பெட்டியை நோக்கி நடந்தேன். திறந்து துணியைத் தொட்டேன். காகிதம்போல் மொரமொரத்தது. குப்பி காலி. வாரத்துக்கு ஒருமுறை நீர் நிரப்புவது வழக்கம். அந்த வாரத்தின் வறண்ட காற்று அதை ஐந்து நாட்களில் குடித்துவிட்டிருந்தது. துணி உலர்ந்ததால் இரண்டு தெர்மாமீட்டர்களும் ஒன்றாகிவிட்டன. அதை நான் ஈரம் என்று படித்தேன்.

மேல்காற்று தீயைக் கிழக்கே மீனவர் குடிசைகளை நோக்கித் தள்ளியிருந்தது. ஈரச் சாக்குடன் அதை மறிக்கச் சென்ற தனசேகரன் புகையில் விழுந்தார். குடிசைகள் தப்பின.

பதிவேட்டில் அன்றைய கட்டத்தைச் சிவப்பு மையால் அடித்து, 'துணி உலர்ந்திருந்தது, கவனிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கருமாதி முடிந்த அன்று பூங்கோதையிடமும் சொன்னேன்.

"'எம் மச்சான் சொன்னா தப்பாது'ன்னு அவுரு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிவாருண்ணா" என்றாள். பிறகு, "சாப்ட்டுட்டுப் போ."

படிக்கும் முன் துணியைத் தொடுங்கள். இரண்டு அளவுகளும் நெருங்கி நின்றால் முதலில் குப்பியைப் பாருங்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

ஓய்வுக்குப் பின் புதுச்சேரி சாரம் பகுதியில் என் வீட்டு மொட்டைமாடியில் அதேபோல் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். தோப்பை இப்போது பூங்கோதைதான் பார்த்துக்கொள்கிறாள். சருகைக் கொளுத்துவதில்லை, வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறாள். ஆனாலும் ஆனியில் தினமும் காலையில் அழைக்கிறாள்.

"காத்து எப்படிண்ணா இருக்கு?"

"இரும்மா" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறுகிறேன். நான் துணியைத் தொட்டுவிட்டு வரும்வரை அவள் போனை வைப்பதில்லை.