பவுசியா வாங்கிய கையெழுத்துகள்

பவுசியா பயந்தாங்கொள்ளி. கேலியாகச் சொல்லவில்லை, ஊருக்கே தெரிந்த விஷயம். மிக்ஸியைப் போட்டுவிட்டு இரண்டடி தள்ளி நிற்பாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்வரை நிம்மதியாக உட்காரமாட்டாள். மணமேல்குடிப் பக்கம், கடலிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில், இவளைத்தான் நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளராகப் போட்டார்கள். பிளஸ் டூ படித்தவள், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், எதிர்த்துப் பேசமாட்டாள். அந்த மூன்றாவது தகுதிக்காகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவள் புருஷன் சாதிக் பாட்சா குவைத்தில் டிரைவர். விசா எடுத்துக் கொடுத்தவர் ஊராட்சித் தலைவரின் மச்சான். வீட்டில் அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான். நான் பக்கத்து வீடு. ஊராட்சிக்குச் சொந்தமான கட்டடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

எங்கள் கிராம சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் செல்லுபடியாக நூறு பேர் வேண்டும். நூறு பேர் எங்கே வருகிறார்கள்? அதனால் முதல் நாளே பவுசியா தீர்மான நோட்டை வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்விடுவாள். மேலே பாதிப் பக்கத்தை விட்டுவிட்டு, கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மண்வெட்டியோடு நிற்கிறவர்களிடம் வரிசையாகக் கையெழுத்து வாங்குவாள். வழியில் என் கடையிலும் ஒன்று. தீர்மானத்தைக் கிளார்க் ரகுநாத் பிறகு எழுதிக்கொள்வார். தெருவிளக்கு, குடிதண்ணீர், டெங்கு கொசு, வேறு என்ன எழுதிவிடப் போகிறார்கள் என்று இருந்தோம்.

சுதந்திர தினக் கிராம சபைக்கு முதல் நாள், ஆகஸ்ட் பதினான்காம் தேதி மாலை, மேல்பாதி காலியாக இருந்த அந்த முதல் கையெழுத்துப் பக்கத்தை ரகுநாத் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தார். கோணலாக விழுந்த ஒரு காப்பியை வீணான தாள்களோடு போட்டுவைத்தேன். இரண்டு வாரம் கழித்து அதே பக்கம் திரும்ப வந்தது. மேலே காலியாக இருந்த இடத்தில் இப்போது எழுத்து இருந்தது. ஊருணியை ஒட்டிய பதினெட்டு ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கை இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விட ஊர்மக்கள் ஒருமனதாகச் சம்மதிக்கிறார்களாம். முதல் கையெழுத்து பவுசியா. பதினேழாவது நான்.

இறால் குளம் வந்த இன்னொரு ஊரில் கிணற்றுத் தண்ணீரை மாடுகூடக் குடிப்பதில்லை. எங்களுக்கு இருப்பது அந்த ஒரே ஊருணி. அவருக்குத் தெரியாமல் அதிலும் ஒரு காப்பி கூடுதலாக எடுத்துக்கொண்டேன். பிறகு நான் செய்த வீரச் செயல் என்ன தெரியுமா? இரண்டு தாள்களையும் கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். என் பயத்தை அவள் தலையில் இறக்கிவைத்தேன் என்றே சொல்லலாம்.

அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

“அண்ணே, எல்லார்ட்டயும் நோட்ட நீட்டுனது நாந்தானே” என்றாள்.

மறுநாள் ரகுநாத்திடம் போய்க் கேட்டாள். அவர் பதமாகத்தான் பேசினாராம். “படிச்ச பொண்ணு, என்ன ஏதுன்னு பாக்காமயா வாங்குனீங்கன்னு கேட்டா என்னம்மா சொல்வீங்க? கேசுன்னு வந்தா மொதப் பேரு ஒங்க பேருதான்.” புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். குவைத்திலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. “வாயத் தொறக்காத பவுசியா. என் பாஸ்போர்ட்டு இங்க அவுங்க கையில இருக்கு.”

அடுத்த வாரம் பைக்கில் வந்த ஒருவன் அவள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, “பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு எங்கிட்டு வருவாங்க, கருவக்காட்டு வழியாவா?” என்று விசாரித்தான். அவ்வளவுதான் கேட்டான். அன்றிலிருந்து காலையும் மாலையும் அவளே பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டு அழைத்து வந்தாள். பட்டப்பகலிலும் கதவு தாழிட்டே கிடந்தது. சோறு இறங்காமல் ஆள் பாதியாகிவிட்டாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்டோபர் இரண்டு கிராம சபையில் அவள் எழுந்திருப்பாள் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. யூனியனிலிருந்து வந்த அதிகாரி, வேறு ஏதாவது உண்டா என்று ஒப்புக்குக் கேட்டார். பவுசியா எழுந்தாள். துப்பட்டியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

“போன கூட்டத்துத் தீர்மானம், கையெழுத்துப் போடையில எழுதலங்க. வெறுந்தாளுலதான் எல்லாரும் போட்டாங்க. வாங்குனது நாந்தான், என் தப்புத்தான். ஊருணிப் பக்கத்துல எறாப் பண்ணைக்கு எங்களுக்குச் சம்மதம் இல்லங்க.”

தலைவர் சிரித்தார். “வெறுந்தாளுன்னு வேற யாரும் சொல்றீங்களா?” என்று அதிகாரி கூட்டத்தைக் கேட்டார். அறுபது பேர் இருந்தோம். அத்தனை பேரும் தரையைப் பார்த்தோம். வேலை அட்டை போய்விடும் என்ற பயம் ஒவ்வொருத்தருக்கும். பவுசியா ஒருமுறை என்னைப் பார்த்தாள், ஆனால் பெயரைச் சொல்லவில்லை.

“அந்தத் தாளோட காப்பி இருக்குங்க” என்றாள்.

“அப்ப திங்கக்கிழம அறந்தாங்கி ஆபீசுக்குக் கொண்டாங்க. காப்பி எடுத்தவர் நேர்ல வந்து சொல்லணும். இல்லாட்டி அது வெறும் தாளுதான், தீர்மானம் நிக்கும்” என்றார் அதிகாரி.

ஊரில் ஜெராக்ஸ் கடை ஒன்றுதான். தலைவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பவுசியா கடைக்கு வந்தாள். “நாளைக்கு ஏழர பஸ்ஸுண்ணே. ஆடு மேய்க்கிற பொன்னுத்தாயி அக்கா தொணைக்கு வாராங்க. என் கடையில எடுத்ததுதான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். எனக்கு ரொம்பப் பயமா இருக்குண்ணே.”

“வாரேன் தங்கச்சி” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் போய் ஒரு மணி நேரம் இருக்கும், பைக்கில் வரும் அந்த ஆள் வந்தான். ஆதார் கார்டு ஒரு காப்பி எடுத்துக்கொண்டான். சுவரையும் கூரையையும் சுற்றிப் பார்த்தான். “கடை நல்லா ஓடுதாண்ணே?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

காலையில் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏழேகாலுக்கே கடை வாசலில் வந்து நின்றேன். பஸ் வந்தது. பவுசியாவும் பொன்னுத்தாயும் முந்தின நிறுத்தத்திலேயே ஏறியிருந்தார்கள். கூட்டம் நெருக்கியடித்தது. எனக்காக எதிர்ச் சீட்டில் தன் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். நின்றுகொண்டிருந்த ஒருவர் பையை எடுக்கச் சொல்ல, ஆள் வருகிறார் என்று அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“ஏறுறீங்களாண்ணே?” என்றார் கண்டக்டர்.

நான் திரும்பிக் கடைக் கதவைப் பார்த்தேன்.

“இல்ல, நீங்க போங்க” என்றேன்.

விசில் அடித்ததும் பஸ் நகர்ந்தது. பவுசியா எட்டிப் பார்த்தாள். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.